நிறமில்லாத நகப்பூச்சு

உங்கள் அறை மின்விசிறி லேசாகத் தலையாட்டுகிறது, ஐயா. பயப்பட வேண்டாம், விழாது. மேலே மூடிக்குள் ஒரு திருகு தளர்ந்திருக்கும். ஏணி ஒன்று கிடைத்தால் போகும்போது நானே இறுக்கிவிட்டுப் போகிறேன். என் பதவிக்குத் திட்ட ஒருங்கிணைப்பாளர் என்று பெரிய பெயர் வைத்திருந்தார்கள். செய்த வேலையில் பாதி இதுதான். கதவு கிறீச்சிட்டால் எண்ணெய், குழாய் சொட்டினால் வாஷர், இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் வந்தால் நடுவில் ஒரு டீ.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை என்பது தெரியும். மானியத் துறையின் விசாரணை முடிந்துவிட்டது, ஆராய்ச்சியின் அடிப்படையே சந்தேகத்துக்குரியது என்று முடிவும் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். முடிவை நன்றாகவே எழுதியிருப்பீர்கள். அதில் ஒரே ஒரு தவறு இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்கு டீ வேண்டாம். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடும்.

எங்கள் ஆய்வகத்தை நீங்கள் ஒருமுறை வந்து பார்த்தீர்கள். மாடிப்படி ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், யாரும் வேண்டாமென்று விட்ட இரண்டு அறைகள். நடுவில் ஒரு நீள மேசை. காலையில் அதன்மேல் ஒயர் பற்றவைப்போம், மதியம் துடைத்துவிட்டு அதிலேயே சாப்பிடுவோம். ஈயப் புகை வாசனை இல்லாமல் சாப்பிட்டால் இப்போதும் எனக்கு உப்பு குறைந்தது போல இருக்கிறது. ஜன்னலோரம் இருந்த நாற்காலி என்னுடையது. ஒரு கால் கொஞ்சம் குட்டை, அதற்குக் கீழே அட்டை மடித்து வைத்திருந்தேன்.

ஆய்வகத்தின் தலைவியை எல்லாரும் மேடம் என்போம். வலிப்பு வருவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னாலேயே உடம்பு தோலில் ஒரு சேதி அனுப்புகிறது, வியர்வையின் ஈரம் ஒரு தனி விதமாக ஏறி இறங்குகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அந்தச் சேதியைப் படிக்க ஒரு கைப்பட்டை செய்தோம். கைக்கடிகாரம் மாதிரி இருக்கும், உள்பக்கம் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு உலோகப் பொட்டுகள் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். சேதி வந்ததும் பக்கத்து அறையில் இருக்கும் மணிப்பெட்டி அடிக்கும். அவ்வளவுதான். யாராவது ஓடிப் போய் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையணையை விலக்கிவிட்டால் போதும். உயிர் தப்பிவிடும்.

மேடம் இதைக் கண்டுபிடித்தது விருதுக்காக அல்ல, தம்பிக்காக. அவனுக்கு எட்டு வயதில் வலிப்பு ஆரம்பித்தது. பெரும்பாலும் தூக்கத்தில் வரும். அன்றிலிருந்து அவர்கள் அம்மா அவன் அறை வாசலில் விரிப்புப் போட்டுப் படுப்பார். அவனுக்கு இருபத்தேழு ஆனபோதும் அப்படித்தான். அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது, ஆனாலும் கட்டிலுக்குப் போகமாட்டார்.

நாங்கள் அவனைச் சாம்பிள் என்று கூப்பிடுவோம். நாங்கள் வைத்த பெயர் இல்லை, அவனே வைத்துக்கொண்டது. "நான்தான் இந்த லேபோட முதல் சாம்பிள், மீதி எல்லாரும் எனக்கு அப்புறம்தான்" என்பான். இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மதியம் அக்காவுக்குச் சாப்பாட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போவான். என் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். அவன்தான் சட்டைப்பையிலிருந்து ஊசி மாதிரி ஒரு திருப்புளியை எடுத்து இறுக்கிக் கொடுப்பான். இப்போது போட்டிருப்பதும் அவன் இறுக்கியதுதான்.

கடையில் பில் போடும் பெண்ணுக்கும் அவனுக்கும் பிடித்துப்போயிருந்தது. "அண்ணே, உங்க பட்டை எப்பதான் கடைக்கு வரும்? எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாலயா, பேரன் பொறந்ததுக்கு அப்புறமா?" என்று என்னைத்தான் கேட்பான். "அம்மாவ வாசல்ல படுக்க வச்சுக்கிட்டு எப்படிண்ணே கல்யாணம் பண்றது? பொண்ணு எப்படி உள்ள வரும், தாண்டியா?" மேசையே சிரிக்கும். மேடம் மட்டும் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இனி உங்கள் மானியத்துக்கு வருகிறேன். 'ஆய்விலிருந்து அங்காடிக்கு' என்ற திட்டத்தில்தான் எங்களுக்கு வந்தது. கண்டுபிடிப்புகள் அலமாரியில் தூங்கக்கூடாது, கடைக்குப் போய் மக்கள் கையில் சேரவேண்டும் என்பதற்காக அரசாங்கம் கொடுப்பது. நல்ல திட்டம். நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதன் விதிகளை என்னைவிட நன்றாகப் படித்தவர் உங்கள் துறையிலேயே இருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதில் ஒன்றை நான் சீக்கிரமே கவனித்துவிட்டேன். இறுதிச் சோதனையில் பட்டை ஜெயித்தால், ஒரு கம்பெனி அதை வாங்கிக்கொண்டு போகும், மானியம் முடியும். மேடம் பாடம் நடத்தப் போய்விடுவார். எங்கள் மின்னணு ஆள், அவருக்குக் கரண்டு என்று பெயர், ஒப்பந்தம் முடிந்து ஊர் போய்ச் சேருவார். நான் வீட்டுக்கு. சரி, பட்டை மொத்தமாகத் தோற்றால்? அப்போதும் மானியம் முடியும், அப்போதும் எல்லாரும் வீட்டுக்கு. கிட்டத்தட்ட ஜெயித்தால் மட்டும்தான் உங்கள் விதியில் நீட்டிப்பு உண்டு. அந்த 'கிட்டத்தட்ட' என்ற வார்த்தையை எழுதியவர் யாரோ, புண்ணியவான்.

எனக்கு இது நான்காவது ஆய்வகம். இதற்கு முன்னால் மூன்று இடத்திலும் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. நல்லபடியாக என்றால் கேக் வெட்டினோம், குழுவாக நின்று படம் எடுத்தோம், அடுத்த வாரம் அறையைப் பூட்டினோம். "டச்ல இருப்போம் சார்" என்று சொன்னவர்களில் ஒருவர்கூட இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஜன்னலில் இருந்த பூந்தொட்டியை யாரும் கேட்காததால் நான் வீட்டுக்குத் தூக்கிப்போனேன். "இன்னொரு தொட்டி வந்துச்சுன்னா நாம ரெண்டு பேரும் வெளியிலதான் படுக்கணும்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அவள் வாய் அப்படி. பிள்ளைகள் இல்லாத வீடு, ஐயா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் கடிகாரம்தான் பேசும். எனக்கு அந்த நீள மேசைக்குப் போவது பிடித்திருந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதல் சோதனையில் நான் ஒன்றுமே செய்யவில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் நரம்பு வார்டில் நோயாளிகளுக்குப் பட்டையைக் கட்டிவிட்டு, வலிப்பு வருமுன் மணி அடிக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. செவிலியர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், ஆபத்து கிடையாது. எல்லாம் ஒழுங்காக அடித்தன. ஒரு அம்மாளுக்கு மட்டும் அடிக்கவில்லை. பார்த்தால், அவர் கைக்கு ஏதோ வாசனைக் களிம்பு பூசியிருந்தார். பொட்டுக்கும் தோலுக்கும் நடுவில் அது மெல்லிசாகப் படிந்து, பட்டைக்குக் காது அடைத்துவிட்டது. இன்னும் ஓரிரண்டு தடங்கலும் சேர்ந்து, மதிப்பெண் ஒரு மயிரிழையில் போனது.

மதிப்பீட்டுக் குழுத் தலைவர் எப்போதும் ஜலதோஷத்தோடு இருக்கும் ஒரு நல்ல மனிதர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடைஞ்ச மாதிரி ஆயிடுச்சேம்மா. பரவாயில்ல, கிட்டத்தட்ட வந்துட்டீங்க. இன்னும் ஒரு வருஷம் எடுத்துக்கங்க" என்றார். மேடம் தலை குனிந்து நன்றி சொன்னார். கரண்டு வாசலில் போய் நின்றுகொண்டார். நான் வழியில் இறங்கி ஒரு பெட்டி நல்ல பிஸ்கட் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. கடைக்காரர், "என்ன சார், விசேஷமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

களிம்புப் பிரச்சினையை மேடம் ஒரே மதியத்தில் தீர்த்துவிட்டார். கட்டுமுன் கையைத் துடைக்க ஈரத் தாள் ஒன்று சேர்த்தார், வேலை முடிந்தது. பட்டை தயார். இன்னும் ஒரு வருஷம் நாங்கள் சும்மா உட்கார்ந்து டீ குடித்திருக்கலாம், அவ்வளவு தயார். அந்த வருஷம்தான் எங்கள் மேசையின் பொற்காலம். கரண்டு பாட்டுப் பாடுவார். சாம்பிள் அவர் பாடியதை ஒலிப்பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டி, அவர் நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதற்கு நாங்கள் கேக் வெட்டினோம்.

அடுத்த சோதனை நெருங்கியபோது, வாடகைக்கு வீடு பார்க்கிறேன் என்றார் கரண்டு, வேறு ஊரில். மேடம் தன் அலமாரியை ஒழிக்க ஆரம்பித்தார். ஒருநாள் என்னைப் பார்த்து, "அண்ணே, இந்த ஜன்னல்ல இருக்கற செடிய நீங்கதான் எடுத்துட்டுப் போகணும். உங்களுக்குத்தான் கை ராசி" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் நான் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு குப்பி வாங்கினேன். அழிக்கும் திரவம் இன்னொரு குப்பி. என் மனைவி பையைத் துழாவிப் பார்த்துவிட்டாள். "அடடா, இத்தன வருஷம் கழிச்சு எனக்கா? அதுவும் கலரே இல்லாம! கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றாள். ஆபீஸ் வேலைக்கு என்றேன். "உங்க ஆபீஸ்ல எல்லாம் நடக்கும்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். பிறகு வாசனை வரும்போதெல்லாம், "மாப்பிள்ளை அலங்காரம் ஆச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்பாள்.

எல்லாப் பட்டைகளுக்கும் பூசவில்லை. அப்படிச் செய்தால் மொத்தத் தோல்வி, கடை மூடிவிடும். சிலவற்றுக்கு மட்டும், பொட்டுகள் இரண்டின்மேல் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் ஒரு சின்னப் பளபளப்பு இருக்கும், அதுவும் தேடிப் பார்க்கிறவனுக்கு. மேலே பச்சை விளக்கு எரியும், ஏனென்றால் அது மின்கலம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். பட்டை விழித்திருக்கும், ஆனால் ஒன்றும் கேட்காது. சோதனை முடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து பட்டைகளைச் சேகரித்து வருவது ஒருங்கிணைப்பாளர் வேலை. நான் சேகரித்தேன். வீட்டில் வைத்துத் துடைத்தேன். மறுநாள் மேசையில் வைத்தேன்.

நீட்டிப்பு வந்தது.

அதன் பிறகு மேடம் பட்ட பாட்டை நான் சொல்லியாக வேண்டும், நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. ஆஸ்பத்திரியில் அடிக்காத பட்டை ஆய்வகத்தில் அழகாக அடிக்கிறது. கரண்டு எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி பிரித்தார். "ஆஸ்பத்திரில ஊமை, இங்க வந்தா வாயாடி. இதுக்கு வைத்தியம் என்கிட்ட இல்லண்ணே, மந்திரவாதியத்தான் கூப்பிடணும்" என்றார். மேடம் பட்டையின் வாரை மாற்றினார், உள்ளே இருந்த மின்னணுச் சில்லை மாற்றினார், கணக்கை முதலிலிருந்து போட்டார். இல்லாத நோய்க்கு மருந்து தேடினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காதோரம் நரைத்தது அந்த வருஷம்தான். நான் அவருக்கு இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுபோய் வைப்பேன். "நீங்க இல்லன்னா நான் என்னண்ணே பண்ணுவேன்" என்பார். அதைக் கேட்க எனக்கு வருத்தமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்காதீர்கள்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று எழுதப்போகிறீர்கள். பேனா போகும் போக்கில் தெரிகிறது. மேயவில்லை, ஐயா. நான் ஒரு வாய்கூட மேயவில்லை. பயிரை அறுக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மூன்றாவது சோதனை ஒரு வெள்ளிக்கிழமை நடப்பதாக இருந்தது. வியாழக்கிழமையே பூசி, பெட்டியில் அடுக்கி, அலமாரியில் வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் தலைவருக்குப் பல்வலி. ஜலதோஷக்காரருக்குப் பல்வலியும் சேர்ந்தால் யார் என்ன செய்ய முடியும்? சோதனை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. பெட்டி அலமாரியிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். துடைத்துவிட்டுத் திரும்ப ஞாயிற்றுக்கிழமை பூசுவது வீண் வேலை. இதை அலட்சியம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

அன்று சாம்பிள் மதியம் வரவில்லை, சாயங்காலம் வந்தான். புதுச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் பேச வருகிறார்கள் என்றான். அந்தப் பெண்ணின் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், ராத்திரி இவன் தனியாகப் படுப்பானா என்று.

"ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி தனியாப் படுத்தேன்னு சொல்லணும்க்கா. சும்மாவே சொல்லிடலாம்தான். ஆனா எனக்குப் பொய் சொன்னா காது செவந்துடும், அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க" என்றான்.

மேடம் விதி தவறாதவர். சோதனைப் பட்டையை வெளியே கொடுக்கக்கூடாது என்பது விதி. ஐந்து வருஷத்தில் தம்பிக்குக்கூட ஒன்றை எடுத்துக் கொடுத்ததில்லை. அங்கீகாரம் ஆகாத கருவியை வீட்டில் நம்பினால் அது விஞ்ஞானம் இல்லை, ஆசை என்பார். அன்று அவர் அவன் சட்டையைப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்தார்.

"என் பட்டைய நானே நம்பலன்னா வேற யாருடா நம்புவா?" என்றார். ஆஸ்பத்திரியில் ஊமையாக இருந்தது அந்தப் பழைய சில், அதைத்தான் மாற்றியாகிவிட்டதே என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். பச்சை விளக்கைப் பார்த்தார். அதைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை காட்டினார். எனக்குப் பளபளப்பு தெரிந்தது. நான் அன்று காலைதான் சாம்பிள் துடைத்துக் கொடுத்திருந்த கண்ணாடியைப் போட்டிருந்தேன். கடைக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்து, "என்னண்ணே, இதுல உலகம் தெரியுதா, பனிமூட்டம் தெரியுதா?" என்று பிடுங்கித் துடைத்தான். மிகத் தெளிவாகத் தெரிந்தது.

மேடத்துக்கு வாரைக் கோர்க்க வரவில்லை. "அண்ணே, நீங்க கட்டி விடுங்க" என்றார். நான் கட்டிவிட்டேன். நடுவிரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, ரொம்ப இறுக்காமல்.

ஒன்றை நீங்கள் அவசியம் பதிவு செய்யவேண்டும். நான் எச்சரித்தேன். "எதுக்கும் அம்மா இன்னிக்கும் வாசல்லயே படுக்கட்டுமே" என்று தெளிவாகச் சொன்னேன். மேடமும் கரண்டும் சாட்சி. சாம்பிள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, நீங்க ஒருங்கிணைப்பாளரா, வில்லனா? பிரிச்சு வைக்கறதுக்குன்னே வந்தீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கேட்காதது அவர்கள் இஷ்டம்.

வேறொன்றை எடுத்துக் கட்டுங்கள் என்று ஏன் சொல்லவில்லை என்பீர்கள். யோசித்தேன். ஏன் என்று மேடம் கேட்பார். அவர் ஏன் என்று கேட்டுவிட்டால் பதில் வராமல் விடமாட்டார், அதுதானே அவர் தொழில். பதில் வந்தால் அன்றோடு அந்த மேசை முடிந்தது. ஒரு பக்கம் அது. இன்னொரு பக்கம், அவனுக்கு வலிப்பு தினமும் வருவதில்லை. மாதத்தில் ஒன்று, சில மாதம் அதுவும் இல்லை. நியாயமான எந்த மனிதனும் போடக்கூடிய கணக்குதான் நான் போட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், கை தவறிக் கீழே போட்டதுபோல நடித்துப் பட்டையை மாற்றியிருக்கலாமே என்று தோன்றியது. எனக்கு நல்ல யோசனையெல்லாம் பஸ்ஸில்தான் வரும். போன் பையில் இருந்தது, சார்ஜும் இருந்தது. இந்த நேரத்தில் கூப்பிட்டால் பயந்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். நன்றாகவே தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை கரண்டுதான் போன் செய்தார். என்னிடம் பேசாமல் அழுதுகொண்டே இருந்தார். நான் கிளம்பிப் போனேன்.

அவன் குப்புறப் படுத்திருந்தானாம். அம்மா அடுத்த அறையில் கட்டிலில் இருந்தார், மணிப்பெட்டி தலைமாட்டில் இருந்தது. பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அம்மா யாரையும் திட்டவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். "நல்லா தூங்கிட்டேன்ப்பா. பாவி, எத்தன வருஷத்துக்கு அப்புறம் அப்படித் தூங்கினேன், விடியற வரைக்கும் தூங்கிட்டேனே." என் கையைப் பிடித்துக்கொண்டும் சொன்னார். நாற்காலிகள் போதவில்லை, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிப் போட்டேன். எல்லாருக்கும் காப்பி போட ஆள் ஏற்பாடு செய்தேன். பில் போடும் அந்தப் பெண் வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

பட்டையை அவன் கையிலிருந்து கழற்றினேன். கட்டியவன் நான்தானே. குளியலறையில் வைத்துத் துடைத்தேன். குப்பி பையிலேயே இருந்தது. அந்த வாசனை கொஞ்சம் தங்கிவிட்டது, மருந்து வாசனை என்று நினைத்திருப்பார்கள். மீதிப் பட்டைகளை ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்துக்குப் போய் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். சாவி என்னிடம்தான் இருக்கும்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. கரண்டு அந்தப் பட்டையைச் சோதித்துப் பார்த்தார், குறையே இல்லை. நீங்களும் வெளியில் கொடுத்துச் சோதித்தீர்கள், குறையே இல்லை. மேடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அழவில்லை. "பட்டை நல்லாத்தான் இருக்குண்ணே. அப்பத் தப்பு பட்டையில இல்ல. என் கண்டுபிடிப்புதான் தப்பு. தோல் சேதி சொல்லுதுன்னு நான் ஆசப்பட்டு நம்பிட்டேன். என் தம்பி தோல் எதையும் சொல்லலயே" என்றார்.

கண்டுபிடிப்பைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆய்விதழுக்கு எழுதிவிட்டார். விதி மீறிப் பட்டையைக் கொடுத்தது தானேதான் என்று உங்களிடமும் சொல்லிவிட்டார். கரண்டு கணக்கு முடித்துக் கிளம்பிவிட்டார். நேற்று மேடம் அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தார். பூட்டுமுன் ஜன்னலிலிருந்த தொட்டியை எடுத்து என் கையில் கொடுத்து, "நல்லாப் பாத்துக்கங்கண்ணே" என்றார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நான்காவது தொட்டி. என் மனைவி கதவைத் திறந்து, தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வழக்கமான கிண்டல் எதுவும் சொல்லவில்லை. நான் எப்படித்தான் அழுதேனோ. ஒரு செடிக்காக ஒரு மனுஷன் இப்படி அழுவானா என்று அவள் நினைத்திருப்பாள்.

அதனால்தான் வந்தேன், ஐயா. உங்கள் முடிவில் இருக்கும் தவறு இதுதான்: அந்தக் கண்டுபிடிப்பு ஒருமுறைகூடத் தப்பவில்லை. தோல் சேதி சொல்லியிருக்கிறது. அவன் தோலும் அன்று கட்டாயம் சொல்லியிருக்கும். பட்டையின் காதை அடைத்தவன் நான். தெரிந்தே அவன் கையில் கட்டியவனும் நான். நான் செய்ததை யாரும் பார்க்கவில்லை, நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியவும் போவதில்லை. குப்பி இரண்டும் இதோ, இந்தப் பையில் இருக்கின்றன. மூடியை இறுக்கித்தான் வைத்திருக்கிறேன், கொட்டாது.

இதை நீங்கள் இன்றே மேடமிடம் சொல்லிவிட வேண்டும். முதலில் கோபம் வரும், வரத்தான் செய்யும். பிறகு யோசிப்பார். தம்பிக்காக ஆரம்பித்ததைப் பாதியில் விடுகிறவர் இல்லை அவர். கரண்டுக்கும் ஒரு போன் போட்டால் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவார், எனக்கு அவரைத் தெரியும். இன்னொன்று. நான் கை வைத்ததால் இரண்டாவது சோதனை செல்லாது, மூன்றாவது நடக்காமலே போனது என்றாகிறது. தனியொருவர் தலையீட்டால் சோதனை செல்லாமல் போனால் முதலிலிருந்து தொடங்க முழு நீட்டிப்பு கொடுத்தாக வேண்டும். அது உங்கள் விதியிலேயே இருக்கிறது, கடைசிக்கு முந்தின பக்கத்தில். நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

எனக்கு எவ்வளவு காலம் தண்டனை என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். எவ்வளவானாலும் சரி. மேடமிடம் பேசும்போது ஒரு வார்த்தை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அந்த ஜன்னலோர நாற்காலியை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். நான் வந்து உட்காருவேன்.